நெல்லுக்குள்ளேயே இருக்கு மருந்து... கெடுப்பது யூரியாவா?

சம்பா பயிரின் இலையில் கண் வடிவப் புள்ளி தெரிந்தால் குலைநோய்தான் என்று விவசாயிகள் உரக்கடைக்கு ஓடுவார்கள். ஆனால் பயிரும் சும்மா இருப்பதில்லை. பூஞ்சையின் கைட்டின் துணுக்கை உணர்ந்த சில நிமிடங்களிலேயே இலை ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுரக்கிறது. பிறகு சகுரானெட்டின், மோமிலாக்டோன் என்று பூஞ்சையை அடக்கும் ரசாயனங்களைத் தானே தயாரிக்கிறது. ('மோமி' என்றால் ஜப்பானிய மொழியில் நெல் உமி. முதலில் பிரித்தெடுத்தது அதிலிருந்துதான்.)

அப்புறம் ஏன் நோய் ஜெயிக்குது? பயிர் பச்சைப்பசேல்னு இருக்கணும்னு யூரியாவை அள்ளிப் போடுவது ஒரு முக்கியக் காரணம். தழைச்சத்து மிஞ்சினால் இலை மெதுமெதுப்பாகும், பூஞ்சையைத் தடுக்கும் சிலிக்காவும் குறையும். 45 கிலோ யூரியா மூட்டை, வரி சேர்க்காமல் 242 ரூபாய்தான். பொட்டாஷ் விலை இதைவிடப் பல மடங்கு. அப்போ கை எதற்குப் போகும்? கடைசியில் யூரியா வாங்கிய கடையிலேயே பூஞ்சை மருந்தும் வாங்க வேண்டியதாகிறது.