புளியரைச் சாலைப் புழுதி
கர்ப்பகாலத்தில் நுண்துகள் மிகுந்த காற்றைச் சுவாசிப்பதற்கும் குறைப்பிரசவத்திற்கும் தொடர்பு உண்டு என்கிறது, தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு 2025-இல் வெளியான ஆய்வு. பாதிப்பு வடமாநிலங்களில்தான் அதிகம் என்பதற்காகத் தென்காசி நிம்மதி கொள்ள முடியாது. தமிழகத்தில் 1,285 கர்ப்பிணிகளிடம் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வும், பிஎம் 2.5 எனும் நுண்துகள் கூடக் கூடக் குழந்தையின் பிறப்பு எடை குறைவதைக் காட்டியது. இவை தொடர்பைத்தான் சொல்கின்றன, ஒவ்வொரு பிரசவத்திற்கும் காரணத்தை அல்ல. ஆனாலும் கைகட்டி நிற்க அது சாக்காகாது. குற்றாலச் சாரலைக் காட்டியே நம் காற்றுக்கு நற்சான்று வழங்கிவருகிறோம். சாரல் மூன்று மாதம், கர்ப்பம் பத்து மாதம். குவாரிகளிலிருந்து கேரளம் செல்லும் டாரஸ் லாரிகள் மாநில எல்லையிலுள்ள புளியரை வழியெங்கும் எம்-சாண்ட் எனும் செயற்கை மணலைச் சிந்திச் செல்ல, பின்னால் வரும் பேருந்தின் ஜன்னலோரக் கர்ப்பிணிக்கு முந்தானையே முகக்கவசம். விறகடுப்புப் புகையும், பீடி சுற்றும் பெண்களின் மடியில் படியும் புகையிலைத் தூளும் தனிக்கணக்கு. தார்ப்பாய் மூடாத லாரியைச் சோதனைச் சாவடியிலேயே மாவட்ட நிர்வாகம் தடுத்து நிறுத்த வேண்டும். குவாரிப் பாதையோரக் குடியிருப்புகளில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டு முழுவதும் காற்றை அளந்து, அளவைத் தமிழில் அறிவிக்க வேண்டும். கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் கிராம சுகாதார செவிலியர், வீட்டு அடுப்பையும் செய்யும் வேலையையும் கேட்டுக் குறிப்பது இந்த மாதமே தொடங்கட்டும். அதற்குத் தனி நிதி தேவையில்லை.