எந்தக் குதிரை, எந்தத் தராசு?

விருதுநகர் பெயர் பெற்ற வியாபார ஸ்தலம். எண்ணெய்க்கும் வற்றலுக்கும் பருப்புக்கும் அங்கே விலை பேசினால் பல ஜில்லாக்களில் அதன் எதிரொலி கேட்கும். அத்தகைய ஊராருக்குத் தராசைப் பற்றி நாம் உபதேசம் செய்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். மூட்டையின் மேல் எழுதியிருக்கும் எடையை அங்கே ஒருவரும் அப்படியே நம்புவதில்லை. சாக்கின் எடை சேர்ந்ததா, கழித்ததா என்று கேட்ட பிறகுதான் பணப்பையை அவிழ்ப்பார்கள். ஆனால் அதே வீட்டுப் பிள்ளை புதுமோஸ்தர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, அதன் கம்ப்யூட்டரில் ஏதோ மாறுதல்களைச் செய்வித்து, “300 குதிரைச் சக்தி” என்று அச்சடித்த காகிதத்துடன் வந்து நின்றால் என்ன நடக்கிறது? எல்லோரும் மூக்கில் விரலை வைக்கிறார்கள். சாக்கைப் பற்றிக் கேட்பார் இல்லை.

குதிரைச் சக்தி என்ற அளவை 18ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்தியவர் ஜேம்ஸ் வாட். ஆலையைச் சுற்றிச் சுற்றி வரும் குதிரையின் உழைப்பைக் கணக்கிட்டு, நிமிஷத்துக்கு 33,000 ராத்தல் எடையை ஓரடி உயர்த்தும் வேலை என்று அவர் நிர்ணயம் செய்தார். அவர் விருதுநகரில் பிறந்திருந்தால் ‘செக்குமாட்டுச் சக்தி’ என்றே பெயர் வைத்திருப்பார். குதிரையிலும் இரண்டு ஜாதி உண்டு. பிரிட்டிஷ் குதிரை 745.7 வாட், ஐரோப்பியரின் மெட்ரிக் குதிரை 735.5 வாட். முதல் கணக்கில் 300 ஆக இருப்பது இரண்டாவது கணக்கில் 304 ஆகிவிடும். பெயரை மாற்றிய மாத்திரத்தில் நான்கு குதிரைகள் லாபம்!

இந்தச் சக்தியை அளக்கும் கருவிதான் டைனமோமீட்டர், சுருக்கமாக டைனோ. காரின் சக்கரங்களைப் பெரிய உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டினால், சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தியை அது காட்டும். எஞ்சினில் பிறந்த சக்தி முழுவதும் சக்கரத்தை அடைவதில்லை. கியர்களும் அச்சும் டயரும் வழியில் சுங்கம் வசூலித்துக் கொள்கின்றன. கம்பெனி விளம்பரம் சொல்வது எஞ்சின் கணக்கு. உருளை சொல்வது சக்கரக் கணக்கு. இரண்டையும் சரிக்கட்ட, சிலர் எல்லா வண்டிக்கும் பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து என்று கூட்டி எழுதிவிடுகிறார்கள். அது அளவு அல்ல, உத்தேசம்.

அடுத்தது வெயில். உஷ்ணம் ஏறினால் காற்று லேசாகும். காற்று லேசானால் எஞ்சினின் பலம் குறையும். ஆகையால் 25 டிகிரி உஷ்ணத்தை ஆதாரமாக வைத்துத் திருத்தம் செய்வது அமெரிக்க எஞ்சினியர் சங்கத்தின் விதி. அந்த விதிப்படி 300 குதிரைச் சக்தியுள்ள கார், விருதுநகரின் 40 டிகிரி வெயிலில் சுமார் 291 தான் காட்டும்; திருத்தத்துக்குப் பிறகு 300 ஆகும். இது நியாயமே. ஆனால் உஷ்ணமானியைச் சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்து 55 டிகிரி காட்டச் செய்தால், அதே காருக்கு 308 என்று காகிதம் வந்துவிடும். மேலும், டர்போ பொருத்திய கார்கள் பல, காற்றழுத்தத்தைத் தாமே கூட்டிக் குறைவை ஈடுசெய்து கொள்கின்றன. அவற்றுக்கும் அதே திருத்தத்தைப் போடுவது உண்டவனுக்கு மறுபடி இலை போடுவதாகும்.

இக்காலத்துக் காருக்குச் சொந்த மூளையும் உண்டு. சில சக்கரங்கள் மட்டும் சுழன்று மற்றவை நின்றால், வண்டி வழுக்குகிறது என்று எண்ணி அது எஞ்சினை அடக்கிவிடும். முன்னால் வீசும் விசிறி போதாவிட்டால் சூடேறி, ஓட்டத்துக்கு ஓட்டம் சக்தி குறையும். கட்டும் பட்டையின் இறுக்கம், டயரின் காற்று, பெட்ரோலின் தரம் ஆகிய ஒவ்வொன்றும் எண்ணை அசைக்கும். பரிசோதனைச் சாலையில் இருப்பதை உணர்ந்து, அங்கே மட்டும் சாதுவாகப் புகைவிட்ட வோக்ஸ்வாகன் கார்களின் கதை 2015இல் உலகமெங்கும் சிரிப்பாய்ச் சிரித்தது.

இதற்கெல்லாம் பரிகாரம் தேடி மேல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சிவகாசியிலேயே பாடம் இருக்கிறது. பட்டாசின் சத்தத்துக்கு நம் சர்க்கார் 1999இல் வரம்பு விதித்தபோது, 125 டெசிபெல் என்று மட்டும் எழுதி நிறுத்தவில்லை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் அளக்க வேண்டும். குறைந்தது 5 மீட்டர் குறுக்களவுள்ள கெட்டியான கான்கிரீட் தரையில் வெடிக்க வேண்டும். 15 மீட்டர் வரை எதிரொலிக்கும் சுவர் இருக்கக்கூடாது என்றும் எழுதினார்கள். ஏன்? அதே வெடியை 8 மீட்டரில் நின்று அளந்தால் சுமார் 6 டெசிபெல் குறைந்துவிடும். கருவி பொய் சொல்லாது. நின்ற இடம் பொய் சொல்லிவிடும். வெடியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் ஜீவனமும், கேட்கும் குழந்தையின் செவியும் அந்த ஓர் எண்ணைப் பொறுத்தவை அல்லவா?

பெரிய கம்பெனிகளும் எண்ணில் இடறி விழுந்ததுண்டு. 1999ஆம் வருஷத்து மஸ்டாங் கோப்ராவுக்கு ஃபோர்டு 320 குதிரை என்றது. வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றிக் குறை கண்டார்கள். கம்பெனி கார்களைத் திருப்பி அழைத்துச் சீர் செய்தது. 2001இல் மாஸ்டா தன் சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்குச் சொன்ன 155ஐ 142 ஆகக் குறைத்துக்கொண்டு, வேண்டாதவர்களிடமிருந்து வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது. ஜப்பானிலோ நேர் விரோதம்: 2004 வரையில் 280க்கு மேல் விளம்பரம் செய்வதில்லை என்று கம்பெனிகள் தமக்குள் உடன்பாடு வைத்திருந்தன, அதைவிட அதிகச் சக்தியுள்ள கார்களும் அடக்கமாக 280 என்றே சொல்லிக்கொண்டன.

ஆகவே காகிதத்தைக் கையில் வாங்கும் பெற்றோர்கள் நாலு கேள்வி கேட்கட்டும். எஞ்சினிலா, சக்கரத்திலா? எந்தக் குதிரை? உஷ்ணம் எவ்வளவு, எந்த விதிப்படி திருத்தம்? எத்தனை முறை ஓட்டினார்கள், எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்தனவா? மாறுதலுக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில், ஒரே கியரில், ஒரே பெட்ரோலுடன், கூடுமானால் ஒரே நாளில் அளந்து, திருத்தாத எண்ணையும் கேட்டு வாங்கட்டும். அந்த வித்தியாசம் ஒன்றுதான் கொடுத்த பணத்துக்குச் சாட்சி.

இது வெறும் பெருமைப் பிரச்னை அன்று. இல்லாத சக்திக்குக் கொடுத்த பணம் வீண். அறியாத சக்தியுடன் நெடுஞ்சாலையில் இறங்குவதோ பிராண அபாயம். தேசம் யந்திரத் தொழிலில் முன்னேறுகிறது. புனேயிலும் நம் ஒரகடத்திலும் மோட்டார்ப் பரிசோதனைச் சாலைகள் நடக்கின்றன. ஆயினும், கடையில் தராசு முள்ளைக் கவனிக்கும் கண் வீட்டிலும் விழித்திருந்தாலன்றி, எத்தனை கருவி இருந்தும் பிரயோஜனம் இல்லை.