ஏசி எத்தனை டன்?

முகப்பேரில் தெருவுக்குத் தெரு ப்ளே ஸ்கூல். சுவரெல்லாம் மிக்கி மவுஸ், உள்ளே ஏசி, வாசலில் சிசிடிவி. சேர்க்க வரும் பெற்றோர் எல்லாம் கேட்கிறார்கள். 'ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளை? அவர் என்ன படித்திருக்கிறார்?' இதை மட்டும் கேட்பதில்லை!

விதி இல்லாமல் இல்லை. 2013 தேசியக் கொள்கைப்படி மூன்று முதல் ஆறு வயது வரை 20 பிள்ளைக்கு ஒருவர், அதற்குக் கீழே 10 பேருக்கு ஒருவர் வேண்டும். 2014-ல் என்.சி.டி.இ. வகுத்த தகுதி: பிளஸ் டூ, கூடவே இரண்டாண்டு டிப்ளமோ. ஆனால் 2009 கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைக்கு ஆறு வயதான பிறகுதான் கண் விழிக்கிறது...

சரி, அரசு மட்டும் ஒழுங்கா? 1975-ல் தொடங்கிய அங்கன்வாடியில் மையத்துக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் அந்தப் பணியாளர்தான். பாடம் எப்போது? மத்திய அரசின் கணக்கில் அது சம்பளம்கூட இல்லை, மதிப்பூதியம்!

லாப நஷ்டக் கணக்கு எளிது. வாடகையைக் குறைக்க முடியாது, டீச்சரைக் குறைக்கலாம். யாரும் கேட்காதவரை குறைப்பார்கள்.

அடுத்த அட்மிஷனுக்கு ஏசி எத்தனை டன் என்று பார்க்காதீர்கள். டீச்சர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.