வீண் என்ற சொல்

"வீண்" என்ற சொல் வீட்டுக்குள் புழங்குகிற வரைக்கும் பாதகமில்லை. வீண் செலவு, வீண் பேச்சு, வீண் வம்பு என்று சொல்லிக்கொள்ளலாம். அது ஆற்றங்கரைக்குப் போய்விட்டால்தான் ஆபத்து. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால், "இத்தனை தண்ணீரும் வீணாகக் கடலுக்குப் போகிறதே!" என்று நாம் நாற்காலியில் சாய்ந்தபடி அங்கலாய்க்கிறோம் அல்லவா? இதே அங்கலாய்ப்பு அமெரிக்காவில் ஓர் ஏரியை என்ன பாடு படுத்திற்று என்று சொல்லுகிறேன். கேட்டுவிட்டு, சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம்.

நெவாடா ராஜ்யத்தில் மொட்டை மலைகளுக்கு நடுவே பிரமிட் ஏரி என்று ஒன்று இருக்கிறது. மலைமேலிருக்கும் டாஹோ ஏரியில் புறப்படுகிற டிரக்கி ஆறு இதில் வந்து முடிகிறது. வந்த தண்ணீர் வெளியே போக வழி கிடையாது. வெயில் குடித்தது போக மீதி நிற்கிறது; அதனால் கொஞ்சம் உப்புக் கரிக்கும். அந்த உப்பைத் தாங்கி வளருகிற டிரௌட் மீன் ஒன்று அங்கே உண்டு.

குளிர்காலம் பிறந்ததும் இந்த மீனுக்காகத் தூண்டில்காரர்கள் ஆளுக்கொரு மடக்கு ஏணியோடு வந்துவிடுகிறார்கள். கரையோரத் தண்ணீரில் ஏணியை ஊன்றி, அதன் மேல் ஏறி நின்று, பனிக்காற்றில் நடுங்கிக்கொண்டே தூண்டில் வீசுகிறார்கள். பார்த்தால் கோமாளித்தனமாகத் தோன்றும். ஆனால் காரணம் இருக்கிறது. கோடையில் மேல்தண்ணீர் சூடேறினால் டிரௌட் ஆழத்துக்கு இறங்கிவிடும். குளிர்காலத்தில் அது கரைப் பக்கம் வரும். கரையிலிருந்து சிறிது தூரத்தில் ஏரியின் தரை சட்டென்று பள்ளத்தில் இறங்குகிறது. அந்த விளிம்பை ஒட்டித்தான் மீன் உலாத்தும். ஏணி மேல் நின்றால் தூண்டில் அங்கே எட்டும். காலும் விறைத்துப் போகாது. இதற்குப் படகு எதற்கு?

மீன் அகப்பட்டதும் எழுகிற கேள்வி ஒன்றுதான்: எத்தனை ராத்தல்? 1925இல் பிடிபட்ட மீன் 41 ராத்தல். அந்த இனத்தில் உலகத்திலேயே பெரியது என்று பெருமையாகச் சொல்லுவார்கள். அதைப் பிடித்தவர் அந்த ஏரிக்கரைப் பையூட் குடியைச் சேர்ந்தவர். அதற்குப் பிறகு இருபது வருஷம் ஆவதற்குள் அந்த ஏரியில் அந்த மீனே இல்லாமல் போயிற்று என்பதை மட்டும் அவ்வளவு உரக்கச் சொல்ல மாட்டார்கள். எடையைச் சொல்லி இதை மறைப்பது, கல்யாண வீட்டில் சாப்பாட்டைப் புகழ்ந்துவிட்டுப் பெண்ணின் கண்ணீரைப் பற்றிப் பேசாமலிருப்பது போன்ற நாகரிகம்.

1844 ஜனவரியில் பிரெமாண்ட் என்ற நாடு சுற்றி அங்கே போய்ச் சேர்ந்தபோது, பையூட் மக்கள் அவருக்கு இந்த மீனைத்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏரிக்கு அந்தப் பெயர் வைத்தவர் அவர். உண்டுவிட்டுப் பெயர் வைத்தவருக்கு மன்னிப்பு உண்டு. உண்ணுகிறவர்களைக் கணக்கிலேயே சேர்க்காதவர்கள் பின்னால் வந்தார்கள். பாலைவனத்தைச் சோலையாக்குவது என்று 1902இல் சட்டம் செய்தார்கள். உப்பு ஏரியில் போய் விழுகிற ஆறு யாருக்கு என்ன பிரயோசனம்? 1905இல் டெர்பி அணை எழுந்தது. டிரக்கி ஆற்றில் சரிபாதியைப் போலக் கால்வாயில் திரும்பிக் குதிரைமசால் வயல்களுக்குப் போயிற்று.

அப்புறம் என்ன? பிரமிட் ஏரி சுமார் 80 அடி இறங்கிற்று. அதன் உபரி நீரால் பிழைத்திருந்த வின்னமக்கா ஏரி 1930களின் முடிவில் அடியோடு வறண்டது. முட்டையிட ஆற்றுக்கு ஏறிப் போகவேண்டிய டிரௌட், முகத்துவாரத்தில் மண் மேடிட்டு வழியில்லாமல் திகைத்து நின்றது. சரளைக் கல்லும் ஓடும் தண்ணீரும் இல்லாமல் அது முட்டையிடாது. 1940களில் பழைய மீன் பூண்டற்றுப் போயிற்று.

"உழவன் பிழைக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும், உழவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் ஏரிக்கரையில் இருந்தவனும் ஒரு குடும்பஸ்தன்தானே? அவனுக்கு அந்த மீன்தான் வயல், அதுதான் அறுவடை. 1859லேயே அவனுக்கென்று ஒதுக்கிய ஏரி அது. ஒருவன் வாயிலிருந்து பிடுங்கி இன்னொருவன் இலையில் வைத்துவிட்டு, "வீணாவதைத் தடுத்தேன்" என்றால் அது என்ன நியாயம்? மீனுக்காகத் தண்ணீர் கேட்ட வழக்கில், 1944இல் தீர்ந்த விவகாரத்தைத் திரும்பக் கிளற முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டே 1983இல் கையை விரித்துவிட்டது.

"அதுதான் விஞ்ஞானம் மீனை மீட்டுக் கொடுத்துவிட்டதே!" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யாரோ எப்போதோ எடுத்துப் போய்விட்ட சில மீன்களின் சந்ததி, யூட்டா எல்லையில் பைலட் பீக் மலையின் சின்ன ஓடையொன்றில் உயிரோடிருந்தது. 1970களில் அதைக் கண்டுபிடித்தார்கள். மியூசியத்திலிருந்த பழைய மீன்களோடு மரபணுவை ஒப்பிட்டு, அதே வம்சம்தான் என்று நிச்சயித்தார்கள். 2006இல் அவற்றைத் திரும்ப ஏரியில் விட்டார்கள். பத்து வருஷத்துக்குள் 20 ராத்தல் மீன்கள் தூண்டிலில் ஏறின. விஞ்ஞானிகளின் பொறுமையைக் கும்பிடுகிறேன். ஆனால் அந்த ஓடை ஒரு கோடையில் வற்றியிருந்தால்? அவர்கள் எதைக்கொண்டு ஒப்பிட்டு, எதை மீட்டிருப்பார்கள்? பாழாக்கினது திட்டம், பிழைத்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தின் பலனைத் திட்டத்தின் வரவில் எழுதிக்கொள்ளுகிற கணக்கப்பிள்ளையை எந்த முதலாளி வைத்துக்கொள்ளுவான்?

டெர்பி அணைக் கால்வாயில் மீன் சிக்காமல் ஆற்றோடு போக ஒரு தடுப்பு வலை அமைந்தது 2020இல். அணை எழுந்து 115 வருஷம் கழித்து! மனிதன் ஏறி நிற்க ஏணி கொண்டுபோகிறவர்களுக்கு, மீன் போக வழி விடவேண்டும் என்று தோன்ற அத்தனை காலம் பிடித்திருக்கிறது.

தூண்டில்காரர்களிடம் எனக்குப் பகையில்லை. குளிரில் நின்று சம்பாதித்த மீனை அவர்கள் சந்தோஷமாகக் கொண்டுபோகட்டும். எடையைச் சொல்லும்போது 1905ஐயும் சேர்த்துச் சொல்லட்டும். நாமும் இனிமேல் ஓர் ஆற்றைப் பார்த்து "வீண்" என்று வாயெடுக்கும்போது, "யாருக்கு வீண்?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம். அந்தத் தண்ணீர் போய்ச் சேருகிற இடத்தில் யார் அடுப்பு எரிகிறது என்று தெரிந்துகொண்டு, அப்புறம் அணையைப் பற்றிப் பேசலாம்.