வீட்டு அடுப்புக்கு ஏற்றது அத்தோதான்

ஞாயிற்றுக்கிழமை என்றால் பிரியாணி என்றிருந்த வடசென்னை வீடுகளில் இப்போது நூடுல்ஸும் இடம் பிடித்துவிட்டது. கால் கிலோ கோழிக்கறி அல்லது காசிமேட்டு இறால், கொஞ்சம் கோஸ், கேரட், குடைமிளகாய், கூடவே மூன்று நிறத்தில் மூன்று சாஸ் பாட்டில்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தட்டில் வந்து விழுவது என்னவோ பெரும்பாலும் ஒட்டிக்கொண்ட மைதாக் கட்டி! கறி ரப்பர் மாதிரி இழுக்கிறது, காய்கறி துவண்டு கிடக்கிறது. "கடையில் மாதிரி வரலையே" என்று வீட்டில் ஒரு குரல். அடுத்த வாரம் நான்காவதாக ஒரு சாஸ் பாட்டில் வாங்கப்படுகிறது.

பாட்டிலை மாற்றி ஒரு பயனும் இல்லை. கோளாறு தீயில் இருக்கிறது.

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். மாஸ்டரின் அடுப்பு சீறிக்கொண்டு எரிகிறது. வாணலியில் ஒரு நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு பிளேட்டுக்கு மேல் அவர் போடுவதில்லை. காய்கறியிலிருந்து கசியும் தண்ணீர் அந்தச் சூட்டில் அப்போதே ஆவியாகிப் போகிறது. வீட்டு கேஸ் அடுப்புக்கு அந்த பலம் கிடையாது. அதன் மேல் நான்கு பேருக்கான கறி, காய், நூடுல்ஸ் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் வாணலி சட்டென்று ஆறிவிடும். தண்ணீர் தேங்கி, வதங்க வேண்டியது அவிந்து போகும். அதில் சாஸையும் ஊற்றினால் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் வீட்டில் நல்ல நூடுல்ஸ் சாத்தியமே இல்லையா? சாத்தியம்தான். அதற்கான வழி பீச் ஸ்டேஷன் பக்கத்துத் தள்ளுவண்டிகளில் தினமும் கண்ணெதிரே நடக்கிறது. அத்தோ!

அத்தோ இங்கே வந்த கதை வலி நிறைந்தது. பர்மாவில் 1962-ல் நே வின் தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964-ல் கடைகள் நாட்டுடைமை ஆயின. அதே வருடம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். தலைமுறைகளாக அங்கே உழைத்துச் சேர்த்தது ஏறக்குறைய எல்லாமே போய், தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கின. வியாசர்பாடி, எண்ணூர் பர்மா நகர் என்று குடியேறினார்கள். 1969-ல் பீச் ஸ்டேஷன் அருகே பர்மா பஜார் உருவானது. சொத்தைப் பிடுங்க முடிந்த அரசால் கைப்பக்குவத்தைப் பிடுங்க முடியவில்லை. இரண்டு நிமிட மேகி இந்தியாவுக்கு வந்தது 1983-ல்தான். அதற்கு ஏறத்தாழ இருபது வருடம் முன்பே நூடுல்ஸ் சமைக்கத் தெரிந்த குடும்பங்கள் வடசென்னையில் இருந்தன என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

பர்மிய மொழியில் அத்தோ என்பது கையால் கலந்து பிசைகிற உணவுகளுக்கெல்லாம் பொதுப்பெயர். சோறு, இஞ்சி, ஊறவைத்த தேயிலை, எதையும் அப்படிக் கலப்பார்கள். நூடுல்ஸும் அதில் ஒன்று. கவனிக்க வேண்டியது இதைத்தான்: நூடுல்ஸ் கலக்கப்படுவது அடுப்பில் இல்லை, பாத்திரத்தில், கையால்! வீட்டு அடுப்பின் பலவீனம் இங்கே ஒரு பொருட்டே இல்லை.

நான்கு பேருக்கு செய்முறை இதோ. நூடுல்ஸை முக்கால் பதத்தைத் தாண்டியதும் வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, கொஞ்சம் எண்ணெய் தடவித் தட்டில் பரப்பி விடவும். பத்துப் பன்னிரண்டு பல் பூண்டை மெல்லியதாக நறுக்கி, நாலைந்து கரண்டி எண்ணெயில் சிறு தீயில் வறுக்கவும். லேசாகப் பொன்னிறம் காணும்போதே இறக்கிவிட வேண்டும், மீதியை எண்ணெயின் சூடே பார்த்துக்கொள்ளும். கோழிக்கறியை எலும்பில்லாமல் மெல்லிய துண்டுகளாக்கி, ஒரு கரண்டி சோயா சாஸ், ஒரு கரண்டி சோள மாவு பிசறி இருபது நிமிடம் வைக்கவும். இரும்பு வாணலி நன்றாகக் காய்ந்த பிறகு, பூண்டு எண்ணெயில் கொஞ்சம் விட்டு, கறியை இரண்டு தவணையாக வதக்கி எடுக்கவும். இறால் என்றால் நிறம் மாறிச் சுருண்டதும் போதும். அதே வாணலியில் கேரட்டும் குடைமிளகாயும் ஒரே நிமிடம்.

அடுப்பை அணைத்துவிடலாம். பெரிய பாத்திரத்தில் நூடுல்ஸ், கறி, காய், பச்சையாகவே மெல்லிசாகச் சீவிய கோஸ், வெங்காயம், கரைத்த புளி, மிளகாய்த்தூள், உப்பு, இரண்டு கரண்டி பொட்டுக்கடலைப் பொடி, மீதி பூண்டு எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கையால் பிசறவும். கடலைப் பொடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் நூடுல்ஸ் சொதசொதக்காது. மேலே கொத்தமல்லி. நொறுக்கிப் போட பேஜோ கிடைத்தால் இன்னும் விசேஷம்.

"அத்தோவில் ஏது கறி?" என்று சிலர் கேட்கலாம். மாண்டலே பக்கம் தடித்த அரிசி நூடுல்ஸைக் கோழிக்குழம்போடும் கடலை மாவோடும் பிசையும் நான்ஜி தோ புகழ்பெற்றது. ஆக, கறி சேர்த்தால் மரபு கெட்டுவிடாது.

"வண்டியில் கிடைக்கிறதே, வீட்டில் எதற்கு?" என்ற கேள்விக்கும் பதில் உண்டு. 1964-ல் இருபது வயதில் கப்பலிலிருந்து இறங்கிய பெண்ணுக்கு இன்று எண்பது கடந்திருக்கும். பூண்டை எப்போது இறக்குவது, புளி எவ்வளவு என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிற கணக்கு. எந்த பாட்டிலின் லேபிளிலும் அது அச்சாகவில்லை. வண்டிக்காரர் விற்கிற வரைதான் வண்டி. அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போவது நியாயமும்கூட. ஒரு சமையல் தலைமுறை தாண்டி நிற்க வேண்டுமானால் அது வீட்டு அடுப்படிக்குள் வர வேண்டும்.

ஆகவே, அடுத்த சாஸ் பாட்டிலுக்குக் கடைக்குப் போகுமுன், தெருவில் பர்மாவிலிருந்து வந்த பாட்டி யாராவது இருக்கிறாரா என்று விசாரிப்பது நல்லது. பாட்டில் எப்போதும் கிடைக்கும்.