தும்பிக்கையில் எலும்பு இல்லை

திருவானைக்காவின் தலபுராணம் பாதி விலங்கியல். நாவல் மரத்தடி லிங்கத்துக்கு யானை காவிரி நீர் ஊற்றியது. சருகு விழாமலிருக்கச் சிலந்தி மேலே வலை பின்னியது. வலையைக் குப்பையென்று யானை கலைக்க, ஆத்திரத்தில் சிலந்தி தும்பிக்கைக்குள் புகுந்து கடித்தது. இரண்டும் மாண்டன. முதுகெலும்பு உள்ளதும் இல்லாததும் மோதிய கதை. வேடிக்கை என்னவென்றால், சிலந்தி நுழைந்த தும்பிக்கையிலும் ஓர் எலும்பு கிடையாது, அத்தனையும் தசை.

இந்த ஊர்ப் பிள்ளைகள்தான் முதுகெலும்பிகளின் ஐந்து வகுப்புகளை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். மீனுக்குச் செவுள், செதில்; தவளைக்கு ஈரத்தோல்; ஊர்வனவற்றுக்கு உலர்ந்த செதில்; பறவைக்கு இறகு; பாலூட்டிக்கு உரோமம். தப்பில்லை. ஆனால் இந்த அட்டவணை மீன் கடை வரைகூடத் தாங்காது.

அங்கே அலுமினியச் சட்டியில் கிடக்கும் விராலைச் சற்று நேரம் பார்க்க வேண்டும். அடிக்கடி மேலே வந்து, வாய் திறந்து, ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். செவுள் மட்டும் அதற்குப் போதாது. காற்றைச் சுவாசிக்கத் தலைக்குள் தனி அறை உண்டு. மேலே வரவிடாமல் தடுத்தால், தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். மீன்தான்! பக்கத்துச் சட்டிக் கெளுத்திக்கோ உடம்பில் ஒரு செதில் கிடையாது.

முதலை இன்னும் குழப்பும். கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில், அணைக்கரைப் பக்கம் முதலைகள் உண்டு. பார்த்தால் பல்லியின் பெரியண்ணன். ஆனால் பல்லிக்கும் பாம்புக்கும் இதயத்தில் மூன்று அறை. முதலைக்கு நான்கு, பறவைக்கு இருப்பதுபோல. இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் முதலைக்கு மிக நெருங்கிய உறவு பறவைகள்தான். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் பாம்பைவிட, எதிரே கைகூப்பி அமர்ந்திருக்கும் கருடனே முதலைக்குப் பங்காளி.

மண்டபத்து வௌவாலைப் பறவைக் கணக்கில் சேர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது.

ஆகவே பள்ளிக்கூடங்கள் இந்தப் பாடத்தின் ஒரு வகுப்பையாவது ஆற்றங்கரையிலும் கோயில் வாசலிலும் நடத்தலாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ் டிக்கெட்தான் செலவு. திருவானைக்கா கோயில் யானை அகிலாவின் நெற்றியைக் கிட்டத்தில் பார்த்தால், குச்சி குச்சியாக மயிர் தெரியும். பெண் யானைக்கு மடி, பசுவைப்போலப் பின்னங்கால்களுக்கு நடுவில் இல்லை. மனுஷியைப்போல மார்பில், முன்னங்கால்களுக்கு நடுவில். கழுத்தெலும்பு ஏழு. வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கும் ஏழு. மடைப்பள்ளி எலிக்கும் அதே ஏழு.