கொலையிற் குளிர்காயும் கதைகள்

மேனாட்டு நூற்சந்தையிற் பெருவழக்குப் பெற்றுள்ள ஒருவகைத் துப்பறியும் நாவலுக்கு ஆங்கிலத்தில் ‘கோஸி’ என்று பெயர். தேநீர்ப் பாத்திரத்தின் சூடு ஆறாதபடி அதன்மேற் கவிழ்க்கும் துணியுறைக்கும் அதுவே பெயர். இதம், கதகதப்பு என்பன அச்சொல் குறிக்கும் பண்புகள். கொலையைப் பொருளாகக் கொண்ட கதைக்கு இப்பெயர் எவ்வாறு பொருந்தும் என்று வினவுவது விதண்டாவாதமன்று. இவ்விலக்கிய வகையின் உட்கிடக்கை முழுவதும் அவ்வினாவுக்குரிய விடையிலேயே அடங்கியுள்ளது.

இக்கதைகளின் வாய்பாடு எளியது. அமைதியான ஒரு சிற்றூர். யாவரும் யாவரையும் அறிந்த அவ்வூரில் ஒரு பிணம். மந்தபுத்தியுடைய பொலிஸ் அதிகாரி. அவரை முந்திக்கொண்டு உண்மையைக் கண்டறியும் அயலவர் ஒருவர். அகதா கிறிஸ்ரி 1930இல் வெளியிட்ட நாவலொன்றில், மிஸ் மார்ப்பிள் எனும் முதுகன்னியை இங்கிலாந்துக் கிராமமொன்றின் துப்பறிவாளராக நிறுத்தியபோது இவ்வாய்பாடு உறுதிபெற்றது. அமெரிக்காவில் அது தொழில்வாரியாகக் கிளைத்தது. பழைய வீடுகளைத் திருத்துவோர் துப்பறியும் கிளையும் அவற்றுள் ஒன்று. சாரா கிறேவ்ஸ் எழுதிய நாவல் வரிசையில் மெயின் மாநிலத்து ஈஸ்ற்போட் நகரில் பழைய வீடொன்றைச் செப்பனிடும் பெண்ணே கொலைகளையும் துலக்குகிறாள். கேற் கார்லைல் 2014இல் தொடங்கிய வரிசையின் நாயகி, கலிபோர்னியக் கரையோரச் சிற்றூரொன்றில் வீடு புதுப்பிக்கும் ஒப்பந்தகாரி. இவ்வரிசை 2017இல் தொலைக்காட்சிப் படங்களாகவும் வெளிவந்தது. சுவர் இடிக்கப்படுகிறது, உள்ளே மறைந்திருந்த பொருளொன்று வெளிப்படுகிறது, இறுதி அத்தியாயத்தில் வீடும் திருத்தப்படுகிறது, ஊரும் திருத்தப்படுகிறது.

துப்பறியும் கதையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்த கவிஞர் ஓடன், 1948இல் எழுதிய கட்டுரையொன்றில் இதன் உளவியலைத் தெளிவாகவே விளக்கினார். மாசற்ற ஒரு சமூகத்திற் கொலை மாசாக விழுகிறது. குற்றவாளி இனங்காணப்பட்டு நீக்கப்பட்டதும் சமூகம் மீண்டும் மாசற்றதாகிறது. வாசகன் தானும் குற்றமற்றவன் என்ற நிம்மதியை அடைகிறான். இந்நிம்மதியே இங்கு விற்கப்படும் பண்டம். இதனைப் பெறுவதற்குச் செலுத்தப்படும் விலை யாது என்பதே ஆராயத்தக்கது. இக்கதையுலகிற் கொலைக்குக் காரணம் ஏறத்தாழ எப்போதும் தனிமனித இழிகுணம்: வாரிசுச் சொத்து, பொறாமை, பழைய காதல், மறைத்த பிறப்பு. அதிகாரம் அங்கு கொல்வதில்லை. படையும் சட்டமும் நிலவுடைமையும் குற்றக்கூண்டில் ஏறுவதில்லை. கொலை என்பது அரசியலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, வீட்டுக்குள் தீர்க்கப்படும் ஒரு விடுகதையாகச் சுருங்கிவிடுகிறது.

தமிழிலே துப்பறியும் கதைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஈழத்து முஸ்லிம் அறிஞரான சித்திலெவ்வை 1885இல் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ துப்பறியும் நாவலன்று; எனினும் கடத்தப்பட்ட குழந்தையும் பிறப்பின் மறைபொருளுமே அதன் கதையை நடத்திச் செல்கின்றன. பின்னர் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் மேனாட்டு மர்மக் கதைகளைத் தழுவியும் அவற்றின் வழிநின்றும் எழுதிக் குவித்தனர். தமிழ்வாணனின் சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷும் வசந்தும் அடுத்த தலைமுறைகளை ஆட்கொண்டனர். இவர்களுட் பெரும்பாலோர் நகரத்தவர். தொழில்முறைத் துப்பறிவாளராகவோ வழக்கறிஞராகவோ இருந்தவர்கள். ஊருக்குள் இருந்தே உண்மை காணும் அயலவர் துப்பறிவாளர் தமிழில் வேரூன்றவில்லை. இதனை ஒரு குறையாகக் கருதி, அவ்வாய்பாட்டை அப்படியே பெயர்த்து நடவேண்டும் என வாதிடுவோர் இருக்கக்கூடும். அவ்வாதத்தை ஒரு கரையோரச் சிற்றூரில் வைத்தே சோதித்துப் பார்க்கலாம். கலிபோர்னியக் கற்பனை ஊருக்கு ஈடாக அம்பாறை மாவட்டத்துப் பொத்துவில் இருக்கட்டும். அங்கும் கடல் உண்டு. சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும் அறுகம்குடா உண்டு. யாவரும் யாவரையும் அறிவர். திருத்தவேண்டிய வீடுகளும் உண்டு.

முதலில் வீட்டை எடுத்துக்கொள்வோர் அதன் உறுதியையும் எடுத்துப் பார்த்தல் வேண்டும். கிழக்கிலங்கையில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குரியது. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கப்படும்; மாப்பிள்ளை அங்கு குடிவருவார். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தபோது இலங்கையின் மாவட்டங்களுள் மிகக் கூடுதலான உயிரிழப்பு அம்பாறையிலேயே நேர்ந்தது. பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றர் வரையில் மீண்டும் வீடு கட்டலாகாது என அரசு முதலில் விதித்தது. தெற்கிலும் மேற்கிலுமோ 100 மீற்றர். பின்னர் இவ்விதி தளர்த்தப்பட்டபோதிலும், கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகள் பல ‘குடும்பத் தலைவர்’ எனும் பெயரில் ஆணுக்கே எழுதப்பட்டன. தலைமுறைகளாகத் தாய்வழி வந்த உரிமை, படிவமொன்றின் ஒரு கட்டத்தில் மறைந்துபோயிற்று. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் ஆழிப்பேரலையால் வீடிழந்தோருக்கெனச் சவூதி அரேபிய உதவியுடன் 500 வீடுகள் கட்டப்பட்டன. பகிர்ந்தளிப்புப் பற்றிய இனப் பிணக்கும் உச்ச நீதிமன்ற வழக்கும் குறுக்கிட, அவை ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்து புதர் மண்டின. இவ்வீடுகளின் மர்மத்தைச் சுவரை இடித்துக் காணவியலாது. அது கச்சேரிக் கோவைகளிலும் சுற்றுநிருபங்களிலும் ஒளிந்திருக்கிறது. சுத்தியலோடு வரும் அழகிய நாயகிக்கு அங்கு வேலையில்லை.

அடுத்துக் கொலை. 2006 செப்டெம்பர் 17ஆம் நாள், பொத்துவில் பொலிஸ் பிரிவைச் சேர்ந்த இறத்தல்குளப் பகுதியில் நீர்ப்பாசன வேலைக்குச் சென்றிருந்த முஸ்லிம் தொழிலாளர் பத்துப்பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அமெரிக்கக் கதையிலே திருத்த வேலைக்குச் செல்பவர் பிணத்தைக் காண்கிறார். இங்கோ வேலைக்குச் சென்றவர்களே பிணமாயினர். அரசு விடுதலைப் புலிகளைக் குற்றஞ்சாட்டியது. புலிகள் அதனை மறுத்தனர். ஊர்மக்களிற் பலர் விசேட அதிரடிப் படையினர்மீது ஐயங்கொண்டு நீதி கோரினர். அதே ஆண்டு நவம்பரில் நியமிக்கப்பட்ட சனாதிபதி ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்ட 16 சம்பவங்களுள் இதுவும் ஒன்று. அதனைக் கண்காணிக்க அழைக்கப்பட்ட சர்வதேசச் சான்றோர் குழு, விசாரணைகள் சர்வதேசத் தரத்துக்கு ஒவ்வாதவை எனக் கூறி 2008இல் விலகியது. 2009 ஜூனில் ஆணைக்குழுவின் காலம் முடிந்தபோது அப்பதினாறிற் பெரும்பாலானவை நிறைவுறாமலே நின்றன.

இவ்வூரிலே துப்பறியும் அறிவு இல்லை என்று எவரும் கூறார். யார் எவ்வழியாற் போனார், எந்நேரத்தில் வாகனம் வந்தது, எவர் வாய் திறக்கவில்லை என்பனவற்றை நுணுகி அறிந்த மிஸ் மார்ப்பிள்கள் பொத்துவிலின் ஒவ்வொரு ஒழுங்கையிலும் உண்டு. அறிந்ததைச் சொல்லும் பாதுகாப்பே இல்லாதிருந்தது. ‘கோஸி’ கதை மறைத்துவிடும் பேருண்மை இதுதான்: மிஸ் மார்ப்பிளின் கூர்மதி வெற்றிபெறுவது அவள் கூர்மதியால் மட்டுமன்று, அவள் சுட்டிக்காட்டிய மறுகணம் குற்றவாளியைக் கைதுசெய்யும் ஓர் அரசு அவளுக்குப் பின்னால் நிற்கிறது. சாட்சி சொன்னபின்னும் அவள் தன் தோட்டத்தில் அச்சமின்றிப் பூப்பறிக்கலாம். அந்த அரசை எடுத்துவிட்டால் அவள் வெறும் சாட்சி; அதுவும் உயிருக்கு அஞ்சவேண்டிய சாட்சி.

‘களைத்த மனத்துக்குச் சற்று இளைப்பாறல் வேண்டாமா?’ எனக் கேட்போர் உளர். வேண்டும். இளைப்பாறும் உரிமையை எவரும் மறுக்கவில்லை. ஆயின், எல்லாக் கொலைகளும் இருநூறு பக்கத்தில் துலங்கிவிடும் எனும் பொய்யை, துலங்காத கொலைகளுக்கு நடுவே இருந்துகொண்டு உண்மைபோல் எழுதுவது இளைப்பாறலன்று. எரியும் வீட்டிற் குளிர்காய்தலாகும். மறுபுறம், துப்பறியும் கதை என்றாலே முகஞ்சுழித்து, அது இலக்கியமன்று என ஒதுக்கும் விமரிசகரின் நிலையும் ஏற்புடையதன்று. ‘கொன்றவர் யார்?’ என்னும் வினா அற்பமானதன்று. கூலித் தொழிலாளியின் சாவுக்கும் காரணம் கூறப்படல் வேண்டும், அதனைக் கேட்கும் உரிமை அயலவருக்கு உண்டு என்னும் நம்பிக்கை அவ்வினாவினுள் உறைந்திருக்கிறது. அந்நம்பிக்கையே இக்கதைவகையின் உயர்ந்த பகுதி. மேனாட்டு வாய்பாடு அதனைத் துணியுறையால் மூடிச் சூடு தணியாத பானமாக்கிவிட்டது என்பதே குற்றச்சாட்டு.

ஆகவே கிழக்குக் கரையிலிருந்து துப்பறியும் நாவல் எழக்கூடாது என்பதன்று முடிவு, எழவேண்டும் என்பதே. அங்கு ஒரு தாய் தன் பெயரிலிருந்த உறுதியைத் தேடிக் கச்சேரிப் படியேறட்டும். ஒரு விதவை, குளத்துக்குப் போன கணவன் திரும்பாத நாளின் மணித்தியாலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்க்கட்டும். அவர்களே அக்கதையின் துப்பறிவாளர். இறுதி அத்தியாயத்திற் குற்றவாளி அகப்படாமற் போகலாம். ஊர் மாசற்றதாகாமலும் இருக்கலாம். அத்தகைய நாவலை மூடிவைக்கும் வாசகனுக்கு நிம்மதி கிட்டாது. அவன் கையில் எஞ்சுவது ‘கொன்றவர் யார்?’ எனும் வினா மட்டுமே. 2006இலிருந்து பொத்துவில் விடைக்குக் காத்திருப்பதும் அதே வினாவுக்குத்தான்.